கோபுரத்தின் எல்லையும் மொழியின் எல்லையும்: சென்னைத் தொலைக்காட்சியின் இரண்டாம் அலைவரிசை (1987–2003) – கொங்கு வட்டாரப் பார்வையில் ஒரு வரலாற்றாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தூர்தர்ஷனின் சென்னை நிலையம் 1987ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் தொடங்கிய இரண்டாம் அலைவரிசை, 1993இல் தில்லி, மும்பை, கொல்கத்தா நகரங்களின் இரண்டாம் அலைவரிசைகளுடன் இணைக்கப்பட்டு ‘மெட்ரோ’ என்னும் ஒரே அலைவரிசையாயிற்று; 2003 நவம்பர் 3ஆம் நாள் அதுவும் நிறுத்தப்பட்டது. தனியார் தமிழ்ச் செயற்கைக்கோள் அலைவரிசைகளின் போட்டியே இம்மறைவுக்குக் காரணம் என்பது பரவலான கருத்து. இக்கட்டுரை அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது. ஒளிபரப்புக் கோபுரம் எட்டும் நிலப்பரப்பு, ஒளிபரப்பின் மொழி, அதனை முடிவு செய்யும் அதிகாரம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் பொருந்தாமற்போனதே மறைவின் அடிப்படை என நிறுவ முற்படுகிறது. நகர எல்லைக்கு வெளியே, இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் அமைந்த ஊத்துக்குளி, இவ்வரலாற்றை நோக்கும் இடமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தூர்தர்ஷன், இரண்டாம் அலைவரிசை, மெட்ரோ, வட்டார ஒளிபரப்பு, கேபிள் தொலைக்காட்சி, ஊத்துக்குளி, கொங்கு வட்டாரம்

முன்னுரை

தமிழ்த் தொலைக்காட்சி வரலாறு பெரும்பாலும் நிகழ்ச்சிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. ‘ஒளியும் ஒலியும்’, ‘வயலும் வாழ்வும்’, ‘எதிரொலி’, ‘கண்மணிப் பூங்கா’ முதலிய சென்னை நிலைய நிகழ்ச்சிகளைத் தமிழகம் முழுமைக்கும் பொதுவான நினைவாகக் கருதும் போக்கு அத்தகைய எழுத்துகளில் காணப்படுகிறது. ஆயின் தொலைக்காட்சி, அச்சிட்ட இதழைப் போலத் தொடர்வண்டியேறி மறுநாள் ஊர் சேரும் பொருளன்று. கோபுரத்திலிருந்து புறப்படும் அலை சென்று சேரும் தொலைவே அதன் நாட்டெல்லை. எந்த ஊர் எந்த ஆண்டில் எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருந்தது என்னும் வினாவை எழுப்பாமல், எந்த ஊர் எதனைப் பார்த்தது என்பதைச் சொல்ல இயலாது.

இவ்வினாவுக்கு ஊத்துக்குளி பொருத்தமான சான்று. ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் இடையே இருப்புப்பாதையில் அமைந்த இவ்வூர் வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர்பெற்றது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் வளர்ச்சியோடு பிணைந்தது. சென்னையிலிருந்து இருப்புப்பாதை வழியே 400 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. தமிழ்த் தொலைக்காட்சியின் தலைநகருக்கு இத்தனை தொலைவில் அமைந்த ஊர்களிலேயே பெரும்பான்மைத் தமிழ் மக்கள் வாழ்ந்தனர். அத்தகைய ஊர் ஒன்றிலிருந்து நோக்கும்போது சென்னை இரண்டாம் அலைவரிசையின் தோற்றமும் மறைவும் வேறு பொருள் பெறுகின்றன.

1. கோபுரமும் தொடுவானமும்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. மும்பை 1972இல் நிலையம் பெற்றது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கியது. 1976 ஏப்ரல் 1ஆம் நாள் தொலைக்காட்சி வானொலியிலிருந்து பிரிக்கப்பட்டு, தூர்தர்ஷன் என்னும் தனி அமைப்பாயிற்று. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே விளம்பர ஒளிபரப்பும் தொடங்கியிருந்தது.

சென்னை நிலையம் பிறந்த அதே 1975 ஆகஸ்டில்தான் ‘சைட்’ எனப்படும் செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையும் தொடங்கியது. ஆந்திரம், கர்நாடகம், ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் ஓராண்டுக்காலம் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றன் வழியே நிகழ்ச்சிகளைப் பெற்றன. தமிழ்நாடு இத்திட்டத்தில் இடம்பெறவில்லை. ஆகவே தமிழகத்தில் தொலைக்காட்சி சிற்றூரிலிருந்து நகருக்கு வரவில்லை; நகரிலிருந்தே புறப்பட்டது. இத்தொடக்க வேறுபாடு பின்னைய வளர்ச்சியிலும் தொடர்ந்தது.

தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. புவியின் வளைவு அதற்கு எல்லையிடுகிறது. சமவெளியில் 150 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் வானலைத் தொடுவானம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஏற்கும் பக்கத்தில் ஆண்டெனாவை உயர்த்தினால் இன்னும் சிறிது தொலைவு எட்டலாம். ஆகவே கடற்கரைச் சமவெளியில் அமைந்த சென்னையின் கோபுரம், தலைநகருக்கும் அதனையொட்டிய பகுதிகளுக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. இதே காலத்தில், 1982 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட இலங்கையின் ரூபவாகினி, மலையுச்சிக் கோபுரத்தின் துணையால் தமிழகத்தின் தென்கடற்கரை ஊர்களை எட்டியது. சொந்த மாநிலத்தின் நிலையத்தைக் காண இயலாதவர்கள் கடலுக்கு அப்பாலுள்ள நிலையத்தைக் காண முடிந்தது என்பது, ஒளிபரப்பின் நிலவியல் ஆட்சி எல்லைகளுக்குக் கட்டுப்பட்டதன்று என்பதற்குச் சான்று.

2. தேசிய நிகழ்ச்சியும் மொழிச் சிக்கலும்

1982 ஆகஸ்ட் 15ஆம் நாள் தில்லியிலிருந்து ‘தேசிய நிகழ்ச்சி’ தொடங்கப்பட்டது. வண்ண ஒளிபரப்பும் அவ்வாண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு இன்சாட்-1பி செயற்கைக்கோள் செலுத்தப்பட்டதும் தில்லியின் ஒளிபரப்பை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பரப்புவது எளிதாயிற்று. 1984இல் சில மாதங்கள் ஏறத்தாழ நாளுக்கு ஒன்று என்னும் வேகத்தில் புதிய ஒளிபரப்பிகள் நிறுவப்பட்டன.

இவற்றுள் பெரும்பாலானவை 100 வாட் ஆற்றலுடைய குறைதிறன் ஒளிபரப்பிகள். அவற்றுக்கு நிகழ்ச்சி அரங்கம் இல்லை, படப்பிடிப்புக் கருவி இல்லை, செய்தியாளர் இல்லை. கிண்ண ஆண்டெனா ஒன்று செயற்கைக்கோளிலிருந்து தில்லியின் ஒளிபரப்பைப் பெறும். சிறு கோபுரம் அதனை ஊரைச் சுற்றி இறைக்கும். தமிழகத்தின் மாவட்டத் தலைநகர் ஒன்றில் தொலைக்காட்சி வந்துவிட்டது என்றால், அது பெரும்பாலும் தில்லி வந்துவிட்டது என்றே பொருள்பட்டது. சென்னை அரங்கில் உருவான தமிழ் நிகழ்ச்சி அக்கோபுரத்தை அடைய அப்போது வழியில்லை.

1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கண்ட மாநிலத்தில், வானொலிக்கு ‘ஆகாசவாணி’ என்னும் பெயரையே ஏற்க மறுத்த மாநிலத்தில், இரவின் முதன்மை நேரத்தில் இந்தி நிகழ்ச்சிகள் இடம்பெற்றது விவாதத்துக்குரியதாயிற்று. ஆயினும் இச்சிக்கலை மொழி உணர்வின் சிக்கலாக மட்டும் காண்பது போதாது. அது கட்டமைப்பின் சிக்கலுமாகும். நிலப்பரப்பை எட்டும் ஆற்றல் தில்லியிடம் இருந்தது. மொழி சென்னையிடம் இருந்தது. ஒன்றிடம் இருந்தது மற்றொன்றிடம் இல்லை. பி.சி. ஜோஷி தலைமையிலான பணிக்குழுவின் அறிக்கை 1985இல் ‘தொலைக்காட்சிக்கு ஓர் இந்திய ஆளுமை’ என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியாயிற்று. தில்லியை மையமாகக் கொண்ட போக்கைக் குறைகூறி, அதிகாரப் பரவலை அது வலியுறுத்தியது. கோபுரங்களின் எண்ணிக்கையில் காட்டிய விரைவு, நிகழ்ச்சியாக்கத்தைப் பரவலாக்குவதில் காட்டப்படவில்லை.

3. சென்னை இரண்டாம் அலைவரிசை, 1987–1993

இச்சூழலில் பெருநகரங்களுக்கு மட்டும் இரண்டாம் அலைவரிசை வழங்கப்பட்டது. தில்லி 1984 செப்டம்பர் 17ஆம் நாளும், மும்பை 1985 மே 1ஆம் நாளும், சென்னை 1987 நவம்பர் 19ஆம் நாளும், கொல்கத்தா 1988 சூலை 1ஆம் நாளும் இதனைப் பெற்றன. முதல் அலைவரிசையில் தேசிய நிகழ்ச்சி இடம்பெறும் வேளையில் நகரவாசிகளுக்கு மாற்றுத் தேர்வு அளிப்பது இதன் பயன். மொழிச் சிக்கலுக்கு இது ஒரு தீர்வாகவும் அமைந்தது. ஆனால் தீர்வு தலைநகர எல்லையோடு நின்றது.

இவ்வலைவரிசையின் தனித்தன்மை அதன் உரிமையில் இல்லை. அதுவும் தூர்தர்ஷனுக்கே உரியது. அதன் தனித்தன்மை அமைப்பில் இருந்தது. ஒரு நகரம், ஒரு கோபுரம், அந்நகரத்து மக்களை முன்னிறுத்திய நேரப் பகிர்வு ஆகிய மூன்றும் ஒன்றாய்ப் பொருந்திய அரிய ஏற்பாடு அது. உலகெங்கும் வட்டார நிலையம் எனப்படுவதன் இலக்கணம் இதுவே. சென்னை நிலையத்தின் முதல் அலைவரிசை மாநிலத்துக்கும் தேசத்துக்கும் இடையே நேரத்தைப் பங்கிட வேண்டியிருந்தது. இரண்டாம் அலைவரிசைக்கு அந்த இழுபறி குறைவு.

அதன் குறையும் அதே அமைப்பில் இருந்தது. பெருநகரத்தவர்க்கு இரண்டு அலைவரிசைகள் கிட்டிய நாளில், மாநிலத்தின் பிற பகுதிகளில் ஒன்றே ஒன்று. அதுவும் தில்லியைச் சார்ந்தது. இந்தி நிகழ்ச்சிகளுக்கு மாற்றுத் தேவை எனின், இந்தியைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு ஓரளவேனும் உடைய பெருநகரத்தைவிட, அவ்வாய்ப்பு மிகக் குறைந்த சிற்றூர்களுக்கே அது முதலில் தேவைப்பட்டது. தேவை மிகுந்த இடத்தில் இல்லாமல், விளம்பரச் சந்தை மிகுந்த இடத்தில் மாற்று வழங்கப்பட்டது.

4. ஊத்துக்குளியின் ஆண்டெனா

1980களின் பிற்பகுதியில் கொடைக்கானலில் உயர்திறன் ஒளிபரப்பி இயங்கத் தொடங்கியதும் தென், மேற்கு மாவட்டங்களின் நிலை மாறியது. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொங்குச் சமவெளியைவிட அது ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். அவ்வுயரத்திலிருந்து வானலைத் தொடுவானம், இடையில் மலை மறைக்காத திசைகளில், 170 கிலோமீட்டரைக் கடக்கும். ஊத்துக்குளி நேர்கோட்டில் கொடைக்கானலுக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் உள்ளது. கொங்குப் பகுதியின் கூரைகளில் உயரக் குழாய்களின் மேல் ஆண்டெனாக்கள் கொடைக்கானல் திசை நோக்கி நின்றமைக்கும், ‘பூஸ்டர்’ எனப்பட்ட அலைபெருக்கி வீட்டுச் சொல்லாக வழங்கியமைக்கும் இதுவே காரணம். காற்றடித்து ஆண்டெனா திரும்பினால் ஒருவர் கூரையேறித் திருப்ப, மற்றொருவர் கீழே நின்று படம் தெளிந்ததைச் சொல்லும் வழக்கம் அத்தலைமுறைக்குப் பொது அனுபவம்.

இக்கோபுரத்தின் வழியேதான் சென்னை அரங்கின் தமிழ் நிகழ்ச்சிகள் பரந்த அளவில் இப்பகுதியை அடைந்தன. ஆனால் வந்தது முதல் அலைவரிசை மட்டுமே. இரவில் தேசிய நிகழ்ச்சி தொடங்கியதும் தமிழ் விடைபெற்றது. அந்நேரத்தில் சென்னையில் இருப்பவர் குமிழைத் திருப்பி இரண்டாம் அலைவரிசைக்குச் செல்லலாம். ஊத்துக்குளியில் இருப்பவருக்குத் திருப்புவதற்கு வேறொன்றில்லை. ‘இராமாயணம்’ (1987–88), ‘மகாபாரதம்’ (1988–90) ஆகிய இந்தித் தொடர்கள் தமிழ்ச் சிற்றூர்களிலும் ஆவலோடு பார்க்கப்பட்டமை, இந்தி ஏற்கப்பட்டதற்குச் சான்றாகச் சில வேளை காட்டப்படுகிறது. கதை முன்பே தெரிந்திருந்தமையும் மாற்று இல்லாமையும் அவ்வாதத்தில் கணக்கிடப்படுவதில்லை.

திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி பெருகிய காலமும் இதுவே. பனியன் கம்பெனிகளின் கூலியும் சிறுமுதலீடும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்குப் பணப்புழக்கத்தைக் கொணர்ந்தன. தொலைக்காட்சிப் பெட்டி வாங்கும் ஆற்றல் வளர்ந்தது. பெட்டி இருந்தது, கோபுரமும் எட்டியது, இரவு நேரத்தில் கேட்க விரும்பிய மொழி மட்டும் இல்லை. அடுத்த பத்தாண்டில் நிகழ்ந்த மாற்றத்தின் விரைவுக்கு இவ்வெற்றிடமே காரணம்.

5. 1993: இணைப்பா, இழப்பா?

1991இன் வளைகுடாப் போரை ஒளிபரப்பிய சிஎன்என், அதனையடுத்து வந்த ஸ்டார், 1992 அக்டோபரில் தொடங்கிய ஜீ ஆகியவை வெளிநாட்டு மண்ணிலிருந்து செயற்கைக்கோள் வழியே இந்திய வீடுகளை எட்டின. தூர்தர்ஷன் இதற்கு அளித்த விடைகளுள் ஒன்று, நான்கு பெருநகரங்களின் இரண்டாம் அலைவரிசைகளை 1993 சனவரி 26ஆம் நாள் செயற்கைக்கோள் வழியே ஒன்றாக இணைத்தது. ‘மெட்ரோ’ என்னும் பொழுதுபோக்கு அலைவரிசை அவ்வாறு உருவாயிற்று.

இவ்விணைப்பு வழக்கமாக ஒரு விரிவாக்கமாகவே குறிப்பிடப்படுகிறது. எட்டும் பரப்பை மட்டும் அளந்தால் அது உண்மை. நகரக் கோபுரத்தோடு நின்ற அலைவரிசை, கிண்ண ஆண்டெனா உள்ள எந்த ஊரிலும் கிட்டும் நிலை பெற்றது. ஆனால் செயற்கைக்கோளில் ஏறிய பொது ஒளிபரப்பு தில்லியிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்டது; இந்தி நிகழ்ச்சிகளே அதில் மேலோங்கின. சென்னைக்குரிய தமிழ் நிகழ்ச்சிகளுக்கு எஞ்சிய இடம் நகரக் கோபுரத்தின் எல்லைக்குள்ளேயே முடங்கியது. சென்னை இரண்டாம் அலைவரிசை ஊத்துக்குளியை அடையும் நுட்ப வாய்ப்பு முதன்முதலாகக் கைகூடிய அதே நாளில், அது சென்னை அலைவரிசையாக இருப்பதை விட்டொழித்தது.

மூன்று மாதம் கழியுமுன், 1993 ஏப்ரல் 14ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. தொடக்கத்தில் அதற்கெனத் தனிச் செயற்கைக்கோள் தடம் இல்லை. ஏடிஎன் அலைவரிசையின் தடத்தில் நாளுக்குச் சில மணிநேரமே ஒளிபரப்பியது. தனியார் இந்திய மண்ணிலிருந்து மேலிணைப்புச் செய்ய அனுமதி இல்லாத காலம் அது. பதிவுசெய்த ஒளிநாடாக்கள் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டு அங்கிருந்தே விண்ணேற்றப்பட்டன. அரசிடம் அரங்கமும் கோபுரமும் செயற்கைக்கோளும் பயிற்சி பெற்ற பணியாளரும் இருந்தனர். தனியாரிடம் சில மணிநேர வாடகைத் தடமும் ஒரு முடிவும் இருந்தன: எட்டும் பரப்பு முழுமைக்கும் தமிழிலேயே ஒளிபரப்புவது என்னும் முடிவு. தூர்தர்ஷனும் ஏறத்தாழ இதே காலத்தில் வட்டார மொழிச் செயற்கைக்கோள் அலைவரிசைகளைத் தொடங்கியது. தமிழுக்குரியது பின்னர் ‘பொதிகை’ எனப் பெயர் பெற்றது. எனினும் பொழுதுபோக்கின் முதன்மை இடமும் விளம்பர நோக்கும் மெட்ரோவிடமே விடப்பட்டன. ஒரே நிறுவனம் தமிழை ஓர் அலைவரிசையிலும் ஈர்ப்பை மற்றோர் அலைவரிசையிலும் பிரித்து வைத்தது.

6. சட்டமும் சந்தையும், 1995–2003

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், வானலைகள் பொதுச் சொத்து எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. சிற்றூரின் கேபிள் தொழில் அச்சட்டத்தின் வழியே தலைமை அஞ்சல் அலுவலகத்தில் பதிவு பெறும் தொழிலாயிற்று. கிண்ண ஆண்டெனா பயன்படுத்தும் ஒவ்வொரு கேபிள் நடத்துநரும் தூர்தர்ஷனின் இரண்டு அலைவரிசைகளையேனும் கட்டாயம் வழங்க வேண்டும் என அது விதித்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் ஒருபடி சென்று, தரைவழி அலைவரிசைகள் இரண்டும் மாநில மொழி அலைவரிசை ஒன்றும் முதன்மை அலைப்பட்டையில் இடம்பெற வேண்டும் என்றது.

இவ்விதியின் உட்கருத்து ஆராயத்தக்கது. கேபிள் கம்பியில் அலைவரிசையின் இடத்துக்கு மதிப்பு உண்டு. பழைய பெட்டிகள் எல்லா அலைப்பட்டைகளையும் ஏற்பதில்லை. முதன்மைப் பட்டையில் உள்ளதே எல்லா வீடுகளிலும் தெளிவாகத் தெரியும். அந்த இடத்தைச் சட்டம் தூர்தர்ஷனுக்குக் காத்துக் கொடுத்தது. ஆயினும் இடத்தைக் காக்க முடிந்த சட்டத்தால் பார்வையாளரைக் காக்க முடியவில்லை. ஊத்துக்குளி போன்ற ஊரில் கேபிள் இணைப்புக்கு மாதக் கட்டணம் செலுத்தியவர்கள், கட்டாயத்தின் பேரில் கிடைத்த அலைவரிசைக்காக அதனைச் செலுத்தவில்லை. 1990களில் சன், ராஜ், விஜய், ஜெயா என வரிசையாக வந்த தமிழ் அலைவரிசைகளே கேபிள் தொழிலின் முதலாயின. கூரைக் குழாய்களில் கொடைக்கானலை நோக்கிய ஆண்டெனாக்கள் மெல்லப் பயனிழந்தன.

1990இல் இயற்றப்பட்ட பிரசார் பாரதிச் சட்டம் ஏழாண்டு கழித்து, 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. தன்னாட்சி பெற்ற அமைப்பு வருவாயையும் தானே பெருக்க வேண்டியதாயிற்று. 2000இல் மெட்ரோவின் இரவு 7 முதல் 10 மணி வரையிலான முதன்மை நேரம், ஆசுதிரேலியாவின் நைன் குழுமம் பங்கேற்ற எச்எஃப்சிஎல்-நைன் நிறுவனத்துக்கு ஓராண்டுக்கு 121 கோடி ரூபாய்க்கு அளிக்கப்பட்டது. நகர நிலையம் என்னும் நிலையிலிருந்து தேசிய அலைவரிசை என்னும் நிலைக்கும், அங்கிருந்து விற்பனைக்குரிய நேரம் என்னும் நிலைக்கும் அது வந்து சேர்ந்தது. 13 ஆண்டுகளுக்கு முன் சென்னை நகரவாசிக்குத் தமிழ் மாற்றை அளிக்கப் பிறந்த இரவு நேரம் அதுவே என்பதை நோக்க, மாற்றத்தின் ஆழம் புலப்படும். ஓராண்டில் அவ்வொப்பந்தம் முடிவுக்கு வந்தது. 2003 நவம்பர் 3ஆம் நாள் மெட்ரோவின் இடத்தில் 24 மணிநேரச் செய்தி அலைவரிசையாகிய டிடி நியூஸ் தொடங்கப்பட்டது.

7. ஓர் ஒப்பீடு: கனடாவின் பிரெஞ்சு நிலையங்கள்

தலைநகரச் சார்பும் சிக்கனமும் வட்டார நிலையங்களை மறையச் செய்வது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. கனடாவின் பொது ஒளிபரப்பு அமைப்பு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இயங்குவது. 1990 டிசம்பரில் அது சிக்கன நடவடிக்கையாகப் பதினொரு வட்டார நிலையங்களை மூடியது அல்லது செய்தி அலுவலகங்களாகச் சுருக்கியது. கியூபெக் மாகாணத்தின் கிழக்கே ரிமூஸ்கி, மத்தான், செட்-ஈல் ஆகிய ஊர்களின் பிரெஞ்சு நிலையங்கள் அவற்றுள் அடங்கும். அங்கும் கோபுரங்கள் உடனே வீழவில்லை; மான்ட்ரியலின் பிரெஞ்சு நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து அஞ்சல் செய்தன. 2012 சூலை 31ஆம் நாள் எஞ்சிய 620 ஒப்புமை ஒளிபரப்பிகளையும் அவ்வமைப்பு நிறுத்தியபோது கோபுரங்கள் பலவும் ஓய்ந்தன.

இரு வரலாறுகளிலும் ஒழுங்கு ஒன்றே: முதலில் உள்ளூர் அரங்கம், பின்னர் உள்ளூர் நேரம், இறுதியில் கோபுரம். வேறுபாடு மொழியில் உள்ளது. மத்தான் நிலையம் மறைந்தபோது அவ்வூரார் இழந்தது தம் ஊரின் செய்தியை, மொழியை அன்று. மான்ட்ரியலும் பிரெஞ்சிலேயே பேசியது. சென்னை இரண்டாம் அலைவரிசை தில்லியோடு இணைந்தபோது ஊரும் மொழியும் ஒருங்கே இழக்கப்பட்டன. ஒரே மொழிக்குள் நிகழும் மையப்படுத்தலும் பல மொழிகளுக்கிடையே நிகழும் மையப்படுத்தலும் ஒன்றல்ல என்பதை இவ்வொப்பீடு தெளிவாக்குகிறது.

8. கோபுரங்களின் ஓய்வு

மெட்ரோ மறைந்த பின்னும் தரைவழி ஒளிபரப்பு சில காலம் நீடித்தது. பார்வையாளரோ கேபிளுக்கும் வீட்டுக் கிண்ணங்களுக்கும் மாறிவிட்டனர். 2006இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளை வழங்கியது. 2007இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் உருவாக்கப்பட்டு, 2011இல் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்துடன் மறுமலர்ச்சி பெற்றது. மாநில அரசு பெட்டியையும் கம்பியையும் பொதுநலப் பொருளாகக் கருதியது. அவற்றின் வழியே செல்லும் நிகழ்ச்சி அவ்வாறு கருதப்படவில்லை.

பிரசார் பாரதி தன் ஒப்புமைத் தரைவழி ஒளிபரப்பிகளைப் படிப்படியாக நிறுத்தி, பாதுகாப்பு முதலிய காரணங்களால் இன்றியமையாத ஏறத்தாழ 50 இடங்கள் நீங்கலாக, 2022 மார்ச்சுக்குள் அப்பணியை முடிக்கத் திட்டமிட்டது. வாடிக்கைக் கட்டணமின்றி, ஆண்டெனா ஒன்றால் மட்டும் தொலைக்காட்சி பெறும் வாய்ப்பு இவ்வாறு பெரும்பாலான ஊர்களிலிருந்து நீங்கியது. 2024 சனவரி 19ஆம் நாள் பொதிகை ‘டிடி தமிழ்’ எனப் பெயரும் வடிவும் மாறியது. தமிழகம் முழுமையையும் தமிழில் எட்டும் பொது அலைவரிசைக்கு இன்று நுட்பத் தடை ஏதுமில்லை. 1993இல் தவறவிட்ட வாய்ப்பு அதுவே.

முடிவுரை

மேற்கண்டவற்றால், சென்னை இரண்டாம் அலைவரிசையின் முடிவை ஒரு நாளுக்குரியதாகக் கொள்ள இயலாது என்பது பெறப்படுகிறது. 2003 நவம்பர் 3இல் முடிந்தது அதன் பெயர். 1993 சனவரி 26இலேயே அதன் வட்டாரத் தன்மை முடிந்துவிட்டது. அதற்கு மூன்று மாதம் பிந்தித் தொடங்கிய தனியார் அலைவரிசையை அம்முடிவுக்குக் காரணமாகக் காட்டுவது கால வரிசைக்கே முரணாகும். தனியார் அலைவரிசைகள் ஓர் உயிருள்ள வட்டார நிலையத்தை வீழ்த்தவில்லை. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பின.

இரண்டாவதாக, தமிழ்த் தொலைக்காட்சி வரலாறு சென்னையின் நிரலை மாநிலத்தின் நிரலாகக் கொள்ளும் வழக்கம் திருத்தப்பட வேண்டும். தலைநகரத்துக்கு 1975, 1987 என்பன தொடக்க ஆண்டுகள். கொங்குச் சிற்றூர்களுக்குக் கொடைக்கானல் கோபுரமும், அதனையடுத்து வந்த கேபிளுமே தொடக்கம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒளிபரப்பியின் ஆற்றல், நிறுவிய ஆண்டு, அது அஞ்சல் செய்த நிலையம் ஆகியவற்றைத் தொகுத்து வரைபடமாக்குவதும், நாளிதழ்களின் அன்றாட நிகழ்ச்சி நிரல்களையும் முதல் தலைமுறைக் கேபிள் நடத்துநர்களின் வாய்மொழிச் சான்றுகளையும் அத்துடன் ஒப்பிடுவதும் செய்யத்தக்க பணிகள். கூரையாண்டெனா நிறுத்தியவர்களும் கம்பி இழுத்தவர்களும் இன்று முதுமை எய்தி வருவதால், இப்பணியில் காலத்தாழ்வு கூடாது.

மூன்றாவதாக, பொது ஒளிபரப்பின் தோல்வியைப் பணப் பற்றாக்குறையாகவோ திறமைக் குறைவாகவோ மட்டும் விளக்குவது பொருந்தாது. 1993இல் தூர்தர்ஷனிடம் இல்லாதிருந்தது, தமிழில் என்ன, எப்போது, எவருக்கு ஒளிபரப்புவது என்பதைத் தமிழகத்திலேயே முடிவு செய்யும் அதிகாரமே. அவ்வதிகாரம் பரவலாக்கப்பட்டிருந்தால், கொங்கு நாட்டு வீடுகளை எட்டிய முதல் முழுநேரத் தமிழ் அலைவரிசை ஒரு பொது நிறுவனத்துடையதாக இருந்திருக்க வாய்ப்புண்டு. வாய்ப்பு இருந்தும் அது நிகழாமற்போனதே இவ்வரலாற்றின் மையச் செய்தி.